அடைமழையில் தையல் போட்ட நாய்: ஐப்பசி, கார்த்திகைக் கவனிப்பு

சுவாமிமலை, கும்பகோணம் வட்டாரத்தில் நாய் வளர்ப்போருக்கு

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது, தெருவெல்லாம் சேறு, திண்ணையும் காயவில்லை. கருத்தடை ஆபரேஷனோ, கட்டி எடுத்த ஆபரேஷனோ முடிந்து வீடு திரும்பிய நாய்க்கு இது சோதனையான காலம்.

டாக்டர் நன்றாகவே தையல் போட்டிருப்பார். பெரும்பாலும் அதைப் பிரிப்பது நாயின் நாக்கும் பல்லும்தான். அரிப்பு எடுப்பதால் நாய் நக்குகிறது, ஈரம் அந்த அரிப்பை வளர்க்கிறது. அதனால் இந்த இரண்டு மாதமும் மூன்று காரியம் முக்கியம்: உடம்பில் ஈரம் தங்க விடாதீர்கள், நாக்கைத் தடுங்கள், டாக்டர் சொல்லாத எதையும் தோலில் பூசாதீர்கள்.

சிவப்பு எதனால்?

ஆபரேஷனுக்கு முன் முடியை மழிக்கும்போது மெஷின் தோலை உரசிவிடும். கிருமிநாசினி சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்திரி ஒட்டிய இடம், முன்னங்காலில் டிரிப்ஸ் ஊசி குத்திய இடம், கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகியவையும் சிவக்கலாம். மழித்த இடத்தில் மறுநாள் லேசான சிவப்பு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் தணியும்.

முடி கொட்டி, நீர் கசிந்து, பளபளவென்று ஈரமாக ஒரு திட்டு தெரிந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் காலையில் காசளவு இருந்தது மாலைக்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிடும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

படுக்கை: சில்லிட்ட தரையில் படுக்க விடாதீர்கள். தாழ்வான பலகை போட்டு, மேலே பழைய பருத்தி வேட்டியையோ சேலையையோ மடித்து விரியுங்கள். வைக்கோல் வேண்டாம். அது குத்தும், தூசி கிளப்பும், மழையில் பூஞ்சை பிடிக்கும். விரிப்பைத் தினமும் மாற்றுங்கள். வெயில் இல்லாத நாளில் துவைத்த துணியைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஈரம் முழுக்கப் போனபின் விரியுங்கள்.

கழுத்துக் கூம்பு: டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பை இரவிலும் கழற்றாதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று கழற்றி வைக்கும் பத்து நிமிடமே தையலைக் கடித்துப் பிரிக்கப் போதும். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால், கழற்றலாம். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். உட்புறத்தைத் தினமும் துடைத்துக் காய வையுங்கள். வயிற்றில் தையல் உள்ள பெண் நாய்க்குப் பழைய பருத்தி பனியனைப் போட்டுப் பின்பக்கம் முடிச்சிடலாம். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

வெளியே போவது: சங்கிலி போட்டு, சிறுநீர், மலம் கழிக்க மட்டும். வயல் வரப்பும் வாய்க்கால் கரையும் இப்போது கூடாது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி சிராய்ப்பு வழியாகவும் உள்ளே நுழையும். அது மனிதருக்கும் தொற்றும். திரும்பியதும் விரலிடுக்கு, தொடை இடுக்கு, அக்குள் மூன்றையும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

குளியல்: தையல் பிரிக்கும்வரை கிடையாது. வழக்கமாக 10 முதல் 14 நாள் ஆகும். தையலுக்குத் தள்ளியுள்ள தோல் சிவந்து அரித்தால், சுத்தமான குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் வைத்து, பிறகு ஈரம் போக ஒற்றிவிடுங்கள்.

பார்வை: காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் தையலைப் பாருங்கள். ஒரே தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் வீக்கமும் சிவப்பும் கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.

பட்டறை வீடுகள்: சிலை வார்க்கும் வீடுகளில் மழைக்குளிருக்கு நாய் உலைப்பக்கம் போய்ச் சுருண்டு படுக்கும். அரம் ராவும்போது பறக்கும் உலோகப் பொடியும் கரிச்சாம்பலும் ஆறாத தோலில் ஒட்டினால் எரிச்சல் அதிகமாகும். தையல் ஆறும்வரை நாயைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் நம் கைவைத்தியத்தில் இடம் உண்டு. ஆனால் தையல் மேல் வேண்டாம். மஞ்சள் நிறம் சிவப்பை மறைத்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கில் அழுக்குச் சேரும், பூசியதையே நாய் நக்கத் தொடங்கும். கேலமைன் லோஷனிலும் குழந்தைகளுக்குப் பூசும் சில களிம்புகளிலும் துத்தநாகம் இருக்கிறது. நக்கி விழுங்கினால் அது நாய்க்கு நஞ்சு.

உண்ணி தெரிந்ததும் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, வயல் பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் என்று எதையும் தேய்க்காதீர்கள். ஆறாத தோல் வழியே மருந்து உடம்புக்குள் போகும். காதிலும் விரலிடுக்கிலும் பார்த்து உண்ணியைப் பிடுங்கி எடுங்கள். உண்ணிக்கான சொட்டு மருந்தை எப்போது விடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். ஃபினாயில் ஊற்றித் துடைத்த தரையிலும் நாயைப் படுக்க வைக்காதீர்கள்.

பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்லோஃபினாக் என்று நாம் போடும் வலி மாத்திரை எதுவும் நாய்க்குக் கூடாது. முன்பு அரிப்புக்கு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதமாக்கும். ஆபரேஷனுக்குப் பின் தரும் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். முன்பே அரிப்பு உள்ள நாய் என்றால் ஆபரேஷனுக்கு முன்னரே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புழு வைத்தால்

மழைவிட்ட வேளையில் ஈ மொய்க்கும். புண்ணில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். கெட்ட வாடை, புண்ணில் சின்ன ஓட்டை, நாய் இருட்டு மூலையில் போய் ஒதுங்குவது இவையே அறிகுறி. ஃபினாயில் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வெடிச் சத்தம்

தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடித் தையல் பிரிந்து வரும் நாய்கள் உண்டு. அவசரமில்லாத ஆபரேஷனைப் பண்டிகை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிந்திருந்தால் உள்ளறையில் ஃபேன் சத்தத்தோடு, கூட ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பயம் அதிகமுள்ள நாய்க்கு மருந்து வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

தாமதிக்காமல் கூட்டிப்போக வேண்டிய நிலைகள்

• தையல் இடைவெளி விடுவது, ரத்தம் சொட்டுவது
• சீழ், வாடை, தொட்டால் சுடும் வீக்கம்
• ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, ஓயாத வாந்தி
• வெளிறிய ஈறு, எழ முடியாத சோர்வு
• 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் (நாயின் இயல்பு வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5)

பக்கத்தில் கும்பகோணம் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கால்நடை உதவி எண் 1962. போகும்போது செல்போன் படங்களையும் கொடுத்த மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

தெரு நாயின் காது நுனி வெட்டியிருந்தால், அது கருத்தடை முடிந்து திரும்பிய நாய் என்று பொருள். உங்கள் தெருவில் அப்படி ஒன்று வந்திருந்தால், மழைக்கு ஒதுங்க ஒரு காய்ந்த இடமும் ஒரு சாக்கும் கொடுங்கள். தையல் பிரிந்து தெரிந்தால், கையால் தொடாமல் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தையல் பிரித்த அன்றே குளிப்பாட்டிவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் நாள்வரை பொறுங்கள். உண்ணி மருந்து, எலிக்காய்ச்சல் தடுப்பூசி, வெறிநாய்த் தடுப்பூசி மூன்றும் எப்போது என்று அன்றே கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.