ஒரு குழுவால் முடியாதது கூட்டமைப்பால் முடியும்: பிராங்ஸ் ஆறு சொல்லும் பாடம்



"ஆறு, ஓடை எல்லாம் கெட்டுப் போச்சு. கவர்மெண்டுதான் பார்க்கணும், நம்மால என்ன ஆகும்?" குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பிராங்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சாதாரண மக்கள் தங்கள் ஆற்றுக்காக என்ன செய்தார்கள் என்பதை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

ஆறு எப்படிக் கெட்டது?

பிராங்ஸ் ஆறு சுமார் 37 கிலோமீட்டர் நீளமுள்ள சின்ன ஆறு. அதன் கரையில் ஆலைகள், ரயில் பாதை, பெரிய சாலைகள் எல்லாம் வந்தன. ஆலைக் கழிவும் சாக்கடையும் தண்ணீரில் கலந்தன. பழைய டயர், உடைந்த ஃபிரிட்ஜ், கார்கூட ஆற்றுக்குள்ளே கிடந்தன. ஆற்றின் கடைசிப் பகுதியில் குடியிருந்தவர்களில் ஏழைக் குடும்பங்களே அதிகம். ஆறு பக்கத்திலேயே இருந்தும் கரைக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடப் பூங்காவும் போதவில்லை.

முதல் படி: யாராவது ஒருத்தர் தொடங்கணும்

1974-ல் ரூத் ஆண்டர்பெர்க் என்ற பெண்மணி ஆற்றை மீட்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். தொண்டர்கள் ஆற்றில் இறங்கிக் குப்பையை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆனால் ஓரிடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதுமா? மேலேயிருந்து வரும் குப்பை அங்கேயேதான் வந்து சேரும்.

இரண்டாம் படி: சேர்ந்து நிற்கணும்

1997-ல் 60-க்கும் மேற்பட்ட அமைப்புகளும் அரசுத் துறைகளும் ஒரு பணிக்குழுவாகச் சேர்ந்தன. அதிலிருந்து 2001-ல் பிராங்ஸ் ஆற்றுக் கூட்டமைப்பு பிறந்தது. நம் குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆனது போலத்தான் இதுவும். தொண்டர்கள் குப்பை எடுக்கிறார்கள், களைச்செடிகளைப் பிடுங்குகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், தண்ணீரைப் பரிசோதித்துக் குறித்து வைக்கிறார்கள். நகரப் பூங்காத் துறையும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது.

மூன்றாம் படி: விடாமல் கேட்கணும்

ஆற்றங்கரையில் ஒரு கான்கிரீட் ஆலை 1987-ல் மூடப்பட்டு, இடம் சும்மா கிடந்தது. உள்ளூர் இளைஞர்களும் அமைப்புகளும் அதைப் பூங்காவாக்கச் சொல்லி விடாமல் கேட்டார்கள். 2009-ல் சுமார் 7 ஏக்கரில் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. பழைய ஆலையின் கோபுரங்களை இடிக்காமல் அப்படியே நினைவாக வைத்திருக்கிறார்கள்.

பலன் என்ன?

கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் ஒருவகை மீனை 2006-ல் ஆற்றில் விட்டார்கள். மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்கு, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு 2007-ல் அந்த ஆற்றில் காணப்பட்டது. ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போவதால், பெருமழை பெய்தால் இன்றும் கழிவுநீர் ஆற்றில் வழிகிறது. அதை முறத்தாலும் கூடையாலும் அள்ள முடியாது. அரசு பணம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. மக்கள் செய்யும் சேவை, அரசின் கடமைக்கு மாற்று ஆகாது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. ஒரு நாள் சுத்தம் செய்து போட்டோ எடுத்தால் போதாது. சேமிப்பு மாதிரி, மாதம் தவறாமல் செய்யணும்.
2. குப்பை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கே நிறுத்தணும்.
3. கையுறை, காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. ஊசி, கண்ணாடித் துண்டுகளை வெறுங்கையால் தொடக் கூடாது.
4. பார்த்ததைத் தேதியோடு தீர்மான நோட்டில் எழுதணும். அதிகாரியிடம் பேச அதுதான் ஆதாரம்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் ஊர் ஓடையில் விழும் கழிவு எங்கிருந்து வருகிறது? அதில் நாமே செய்யக்கூடியது எது? ஊராட்சியிடம் கேட்க வேண்டியது எது? இரண்டையும் தனித்தனியாக எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே முடிவெடுப்போம்.