தந்தையின் மார்பும் ஒரு தொட்டில்

குறைமாதக் குழந்தைகளின் தந்தையராகிய நாம், பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே பலமுறை நின்றிருக்கிறோம். மருந்து வாங்குவதும் கட்டணம் செலுத்துவதுமே நம் பங்கு என எண்ணினோம். அச்சிறு உடலைத் தொடவே அஞ்சினோம். அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் அது நம்மைக் குழந்தையிடமிருந்து விலக்கிவிடலாகாது.

1978ஆம் ஆண்டு, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. தோலோடு தோல் சேர்வதால் குழந்தையின் உடல்வெப்பம் காக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதனை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது. அத்தனை நேரமும் தாய் ஒருவரே தாங்குவது அரிது, தந்தையும் தாங்கலாம்.

மருத்துவரின் இசைவு பெற்று, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுச் சாய்ந்து அமர்வோம். தொப்பியும் அணையாடையும் மட்டும் அணிந்த குழந்தையைச் செவிலியர் நம் வெற்று மார்பில் நிமிர்த்தி வைப்பார். அதன் முகம் ஒருபுறம் திரும்பியிருக்க வேண்டும்; கழுத்து மடங்கவோ மூக்கு மூடவோ கூடாது. நமக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்று தவிர்ப்போம். உறக்கம் வந்தால் குழந்தையைச் செவிலியரிடம் ஒப்படைப்போம். குழந்தையின் நிறமோ மூச்சோ மாறினால் உடனே அவரை அழைப்போம்.

முதல் நாள் கைகள் நடுங்கும். நடுங்கும் கைகளோடே தொடங்குவோம். அந்த ஒரு மணி நேரமாவது தாய் அயர்ந்து உறங்கட்டும்.