சீனப் பொருள் வேண்டாம்னா, உர மூட்டையையும் பாருங்க



2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். 'சீனப் பொருளைப் புறக்கணிப்போம்' என்ற குரல் நாடெங்கும் கிளம்பியது. அந்த மாதக் கடைசியிலேயே 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்தது.

அப்புறம் என்ன ஆச்சு? சீனாவிலிருந்து நம் நாடு வாங்கும் சரக்கு 2020-21இல் சுமார் 6,500 கோடி டாலர். 2023-24இல் அது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பொம்மையும் சீரியல் பல்பும் கண்ணுக்குத் தெரியும், வேண்டாம்னு ஒதுக்கிடலாம். பூச்சிக்கொல்லிக்கான மூலமருந்து, டிஏபி, சொட்டுநீரில் விடும் கரையும் உரம் இதிலெல்லாம் சீனச் சரக்கு கலந்திருப்பது தெரியாது. டப்பா மேல நம்ம ஊர்க் கம்பெனி பேர்தான் இருக்கும். 2021 அக்டோபரில் சீனா உர ஏற்றுமதிக்குக் கெடுபிடி போட்டது. அந்தப் பருவத்தில் பல மாநிலங்களில் டிஏபி கிடைக்காமல் உழவர்கள் வரிசையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நாம புறக்கணிக்கிறதுக்குள்ள அவங்க நிறுத்திட்டாங்க!

மாற்று கையில் இருந்தால்தான் புறக்கணிப்பு நிலைக்கும். 1906இல் வ.உ.சி. வெள்ளையர் கப்பலில் ஏறாதே என்று சொன்னதோடு நிற்கவில்லை, சுதேசிக் கப்பல் கம்பெனியே தொடங்கினார்.

காடாம்புலியூர் பக்கம் முந்திரியில் தேயிலைக் கொசுவுக்காகத் தளிர், பூ, பிஞ்சு என்று மூன்று தடவை மருந்து அடிக்கிறோம். மாற்றை அங்கே தொடங்கலாம். ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்க. தளிர் விட்டபிறகு தேடினா கிடைக்காது. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கணும். பூச்சி பெருகும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் வருஷம் சில மரங்களில் செய்து பாருங்க.

ஒரு எச்சரிக்கை: உள்நாட்டில் தயாரானது என்பதாலேயே யூரியா மண்ணுக்கு நல்லதாகிவிடாது. 

பயிற்சி: போன பருவத்தில் காசு கொடுத்து வாங்கிய இடுபொருளை எல்லாம் வரிசையாக எழுதுங்க. எதை வீட்டிலேயே செய்யலாம் என்று குறியுங்க. வருஷத்துக்கு ஒன்றாவது அந்தப் பட்டியலிலிருந்து அடிபடணும்.