விருந்துக்கு ஆள் கணக்கு

ஆண்டுப் பொதுக்கூட்டம், மீலாது விழா, இப்தார், மாநாடு என்று நம் சங்கங்களில் எது நடந்தாலும் விருந்தில்லாமல் முடிவதில்லை. விருந்தோம்பல் நம்மவர் குணம். அதைக் குறைக்கும்படி நாம் சொல்ல வரவில்லை. விருந்து முடிந்தபின் மண்டபத்தின் பின்வாசலில் கட்டி வைக்கப்படும் கறுப்புப் பைகளைப் பற்றியே இங்கு ஆராய்கிறோம்.

அப்பைகள் எங்கே போகின்றன? சிங்கப்பூரில் குப்பை கொட்டுவதற்கு எஞ்சியிருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது 1999-ல் திறக்கப்பட்ட செமக்காவ் தீவு. மறுபயனுக்குப் போகாத குப்பை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் துவாசிலிருந்து கடல் வழியாக அங்கே செல்கிறது. 2035 வாக்கில் அவ்விடமும் நிறைந்துவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. 2022-ல் இந்நாட்டில் சேர்ந்த உணவுக் கழிவு மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் டன். அதில் மறுபயன் பெற்றது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

2012-ல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, நிகழ்ச்சிகளைச் சுற்றுப்புறத்துக்குக் கேடின்றி நடத்துவதற்கென ஐ.எஸ்.ஓ. 20121 என்ற சர்வதேசத் தரவிதி வெளியாயிற்று. பெயர்தான் பெரிது. முன்கூட்டித் திட்டமிடு, அளந்து பார், எழுதி வை, அடுத்த முறை திருத்து என்பதே அதன் சாரம். வியாபாரிக்கு இது புதிய பாடமா?

வேடிக்கை என்னவெனில், கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் இரவோடிரவாக இருப்பை எண்ணும் அதே வியாபாரி, விருந்துக் கமிட்டியில் அமர்ந்ததும், "எதற்கும் நூறு பேருக்குக் கூடுதலாகவே போடுங்கள்" என்கிறார். காரணம் ஆடம்பரம் அன்று, பயம். சோறு குறைந்தால் மானம் போய்விடுமே என்ற பயம். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. வந்தவர் பசியோடு திரும்பினால் அது சங்கத்துக்கே தலைக்குனிவுதான். ஆயினும் அப்பயத்துக்கு மருந்து கணக்கேயன்றி இன்னொரு தேக்சா அன்று.

300 பேருக்குச் சமைத்து 220 பேர் வந்தனர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 12 வெள்ளி வீதம் 960 வெள்ளி வீண். ஏழை மாணவர் கல்வி நிதிக்கு நாம் கடை கடையாக ஏறி இறங்கி எவ்வளவு திரட்டுகிறோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே சங்கத்தில் ஒரு குறிப்பேடு வேண்டும். அழைக்கப்பட்டோர், வருவதாகச் சொன்னோர், வந்தோர், மிஞ்சியது என நான்கு பத்திகள் போதும். மழையா, பள்ளி விடுமுறையா என்பதை ஓரத்தில் எழுதலாம். நான்கைந்து நிகழ்ச்சிகளுக்குப் பின், சொன்னவரில் நூற்றுக்கு எத்தனை பேர் வருவர் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். பண்டாரியிடம் எண்ணிக்கை சொல்வதற்கு முன்பு எல்லாரையும் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிடுவதும் நலம். செயலாளருக்கு இது சற்றுத் தொல்லைதான்.

பரிமாறும் முறையிலும் நம்மிடம் ஒரு பழைய செல்வம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பதை அறியாதவர் யார்? சோறு தீரத் தீரக் கேட்டு வாங்கலாம். தட்டில் மலையாகக் குவித்துப் பாதியில் எழுவது குறையும். தனித்தனிக் காகிதத் தட்டும் தேவையில்லை. கொரோனாத் தொற்றுக்குப் பிறகு சிலர் தயங்குவதுண்டு; முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கழுவிப் பயன்படுத்தும் தனித் தட்டு கொடுப்பதே முறை.

பிளாஸ்டிக் தண்ணீர் போத்தல்கள் தேவையே இல்லை. சிங்கப்பூர்க் குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். இரண்டு பெரிய நீர்க்கலன்களும் கண்ணாடிக் குவளைகளும் போதும். ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதிய துணிப் பதாகை பல விழாக்களுக்கு உழைக்கும். மண்டபக் குளிர்சாதனத்தை 25 பாகையில் வைத்தால் மின்சாரமும் மிச்சம், சால்வை தேடும் பெரியவர்களுக்கும் நிம்மதி.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சினால்? சமைத்தபின் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறிக் கிடந்த உணவை, தருமம் என்ற பெயரிலும் யாருக்கும் கொடுக்கலாகாது. கொடுப்பதற்கென வைத்ததை 60 பாகைக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது, யார் வண்டியில் எடுத்துச் செல்வது என்பதைக் கமிட்டி முதல் நாளே முடிவு செய்து, இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு போய்ப் பழகியவர்கள் நாம். "பாத்திரம் கொண்டு வருக" என்று அழைப்பிதழின் அடியில் ஒரு வரி அச்சிட்டால் எவரும் குறையாக எண்ணமாட்டார்.