நேற்று எங்கே இருந்தீர்கள்?

அன்புள்ள பாப்பா,

பள்ளிச் செயல்திட்டத்துக்காக உங்கள் ஊர்க் காற்றின் மாசு எண்ணைச் செல்போனில் பார்த்துத் தினமும் குறித்து வருவதாக எழுதியிருந்தாய். நிறுத்தாதே. ஆனால் அந்த எண், காற்றை அளக்கும் கருவி நிற்கும் இடத்துக்கு மட்டும் உரியது. கருவி மூச்சு விடுவதில்லை. மூச்சு விடுகிற நாமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. பாட்டி ஒரு நாளில் எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என்று அறிய, எந்த நேரம் எங்கே இருந்தார் என்று அவரிடமே கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் 1992 முதல் 1994 வரை 9,386 பேரிடம் தொலைபேசியில் முந்தின நாளை இப்படித்தான் கேட்டுக் குறித்தார்கள். அவர்கள் நேரத்தில் 87 சதவீதம் கட்டடங்களுக்குள் கழிந்திருந்தது. தெருவில் வைத்த கருவிக்கு இது தெரியவே தெரியாது.

நம் பக்கத்துக் கதை இதைவிடக் கனமானது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுண்துகள் கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. ஆட்களின் நேரக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, சமைத்தவர்களுக்கு நாள் சராசரி சுமார் 231, அடுப்புப் பக்கம் போகாதவர்களுக்குச் சுமார் 90.

கணக்கு உனக்குச் சுலபம். ஒரு பேச்சுக்கு, அடுப்படியில் 3 மணி நேரம் 1,000 மைக்ரோகிராம், மீதி 21 மணி நேரம் 80 என்று வை. பெருக்கிக் கூட்டினால் 4,680. 24ஆல் வகுத்தால் 195. நாளில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அடுப்படி. புகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்த 3 மணி நேரத்தை 2 என்று தப்பாக எழுதிக்கொண்டால் விடை எங்கே போய் நிற்கும் என்று நீயே போட்டுப் பார்.

அதனால் கேட்பதில்தான் வேலை இருக்கிறது. "தினமும் எத்தனை மணி நேரம் சமைப்பீங்க?" என்று ஆரம்பிக்காதே, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். "நேற்று எழுந்ததும் என்ன செஞ்சீங்க, அப்புறம்?" என்று ஒவ்வொன்றாக நகர்த்து. கடிகாரம் பார்க்காதவர்களுக்குப் பால் ஊற்றும் நேரமும் முதல் பஸ்ஸும் பள்ளி மணியும் நினைவிருக்கும். "வீட்டுலதான் இருந்தேன்" என்றால் விடாதே: திண்ணையா, அடுப்படியா? "சும்மா இருந்தேன்" என்று சொல்பவர் பேரனை மடியில் வைத்து அடுப்போரம் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கும் ஒரு வரி போடு.

ஒரு நாள் போதாது. மழைக்காலத்தில் ஈர விறகு, அடுப்பும் உள்ளே. கோடையில் சிலர் வாசலில் சமைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் நீளும். அறுவடை நாளில் அடுப்பு பற்றும் நேரமே மாறும். ஒரே ஆளிடம் வெவ்வேறு பருவங்களில் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அவருடைய வழக்கம் எது, விலக்கு எது என்று பிரியும்.

இத்தனை செய்தும் மிச்சம் ஒன்று நிற்கும். 1990இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் 178 பேரின் உடம்பிலேயே கருவியை மாட்டிவிட்டார்கள். பகலில் அது காட்டிய துகள் அளவு, அவர்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளந்ததைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நடமாடுகிறவர் தூசியைக் கிளப்பிக்கொண்டே போகிறார் என்பது ஒரு விளக்கம். உன்னிடம் அந்தக் கருவி இல்லை, பரவாயில்லை. நோட்டில் நேரம், இடம், வேலை என்ற மூன்று பத்திகளோடு "பக்கத்தில் எது எரிந்தது, யார் பெருக்கினார்" என்று நான்காவதும் போட்டுக்கொள். கொசுவர்த்தி, ஊதுபத்தி, தெருக்கோடியில் எரித்த குப்பை எல்லாம் அதில் வரட்டும். ஒரு வாரம் எழுதியதும் எனக்கு அனுப்பு, சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
பெரியப்பா