சூடு ஆறாத கறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பம் முதல் தேனி வரை எந்தக் கறிக்கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "சூடு ஆறாத கறிதாண்ணே நல்ல கறி. பிரிட்ஜுல வச்சதெல்லாம் பழைய கறி." ஐஸ் பெட்டியில் வைத்து விற்பவர் சந்தேகத்துக்கு ஆளாகிறார். சாக்கடை ஓரத்தில் கொக்கியில் மாட்டி, ஈ ஓட்டிக்கொண்டு விற்பவரிடம் கூட்டம் நெருக்குகிறது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். கால்நடை மருத்துவனாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

பெட்டிக்கறி மேல் இருந்த பயத்தை ஊதிப் பெரிதாக்கியது 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்த பறிமுதல். ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இரண்டாயிரம் கிலோவுக்கும் மேல் இறைச்சி பிடிபட்டது. 'நாய்க்கறி' என்று அன்றைக்கே ஊரெல்லாம் பரப்பினார்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகம் சோதித்துப் பார்த்து, அது ஆட்டுக்கறி என்று சில நாட்களில் சொல்லிவிட்டது. அந்த முடிவை எத்தனை பேர் படித்தார்கள்? இன்றைக்கும் 'எழும்பூர் நாய்க்கறி' என்றுதான் பேசுகிறார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அத்தனை தூரம் வந்த இறைச்சி வழியெல்லாம் போதிய குளிரில் இருந்ததா? அதைக் கேட்க ஆள் இல்லை.

நோயில்லாத ஆட்டின் தசைக்குள் கிருமி அநேகமாக இருக்காது. தோல், குடல், கத்தி, கட்டை, கை ஆகியவற்றிலிருந்துதான் அது கறிக்கு வருகிறது. வந்த கிருமிக்கு மிகவும் பிடித்தது நீங்கள் விரும்பிக் கேட்கும் அந்தச் சூடுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் பெருகும். தோதான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒரு கிருமி 6 மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். விடியற்காலை 4 மணிக்கு அறுத்த ஆடு பகல் ஒரு மணி வரை கொக்கியில் தொங்கினால் 9 மணி நேரம் ஆகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 4 டிகிரிக்குக் கீழே இந்தப் பெருக்கம் பெருமளவு அடங்கிவிடும்.

அறுத்து இரண்டொரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட்டால் பழுதில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "எட்டு விசில் விட்டேன், கறி வேகவே இல்ல" என்று அத்தை புலம்புவதற்குக் காரணம் பல வீடுகளில் இந்த அவசரம்தான். உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைக்கும். தசையில் சேர்ந்திருந்த சர்க்கரைச் சத்து லாக்டிக் அமிலமாக மாறி, 7-ஐ ஒட்டியிருந்த அமிலகாரக் குறியீடு 5.6 அளவுக்கு இறங்கும். அந்த விறைப்பு நேரத்தில் வெட்டிக் குக்கரில் போட்டால் கறி கடிபடத்தான் செய்யும். ஒரு ராத்திரி குளிரில் ஓய்வெடுத்த கறி இளகிக்கொடுக்கும். நீங்கள் 'பழசு' என்று ஒதுக்குவது பக்குவப்பட்ட கறியை.

"எப்படியும் கொதிக்க வைக்கிறோம், எல்லாம் செத்துப்போகும்" என்பார்கள். கிருமி சாகும், கிருமி விட்டுப்போன நஞ்சு எல்லாமே சாகாது. கையில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ உள்ளவர் கறியைத் தொட்டால் ஸ்டபைலோகாக்கஸ் அதில் ஏறும். சூட்டில் நெடுநேரம் கிடக்கும் கறியில் அது கக்கும் நஞ்சு கொதிநீருக்கும் அசையாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. பழியைப் பரோட்டாவின் மேல் போடுவோம்.

கோழிக்கடையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கழுத்தறுத்த கோழியை நீல டிரம்முக்குள் போடுகிறார்கள். முந்தைய கோழியின் இரத்தமும் எச்சமும் அதிலேயே கிடக்கின்றன. அடுத்த கோழி அதன் மேல் துடிக்கிறது. பிறகு புளியங்கட்டை. வெட்டுப்பள்ளங்களில் நேற்றைய கொழுப்பு கறுத்துப் போயிருக்கிறது. கத்தியைத் துடைக்கும் துணியால்தான் கையையும் துடைக்கிறார். அந்தக் கையால்தான் சில்லறை தருகிறார். இத்தனையையும் பார்த்துக்கொண்டே நின்று, "கண் முன்னாடி வெட்டுனது, சுத்தமான கறி" என்று வாங்கிப் போகிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். மஞ்சளும் உப்பும் போட்டு அலசினால் கிருமி போய்விடாது; குழாயடியில் பச்சைக் கோழியை அலசும்போது தெறிக்கும் நீர்தான் பக்கத்திலிருக்கும் தேங்காய்ச் சில்லுக்கும் மல்லித்தழைக்கும் சால்மோனெல்லாவைக் கொண்டுபோகும். கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது கட்டுக்கதை. 40 நாளில் வளர்வதற்கு இனத்தேர்வும் தீவனமும் போதும். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. கோலிஸ்டின் மருந்தை உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது சும்மா இல்லை. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்தடிக்கும்போதெல்லாம் இங்கே கோழி வியாபாரம் படுத்துவிடுகிறது. 70 டிகிரிக்கு மேல் உள்வரை வெந்த கோழியில் அந்த வைரஸ் பிழைக்காது.

ஒன்றை மட்டும் சுருக்க மாட்டேன். மலையடிவாரத்தில் திடீரென்று செத்த ஆட்டை 'வீணாகப் போகிறதே' என்று அறுத்துக் கூறு போடாதீர்கள். அடைப்பான் நோயாக இருந்தால் அறுப்பவர் கைக்கே தொற்றும். அதன் வித்துகள் சாதாரணக் கொதிக்குச் சாகாது, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதனால்தான் ஆட்டுத்தொட்டியைப் பற்றி விடாமல் பேசுகிறேன். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், ஒரு மருத்துவர் மணிக்கு 12 கால்நடைகளுக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதிய விதி அது. அறுக்குமுன் ஆட்டையும், அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்து முத்திரை குத்தினால்தான் நீர்க்கட்டியும் ஈரல்புழுவும் கடைக்கு வராமல் நிற்கும். தேனி மாவட்டத்தில் நகராட்சிகள் ஆறு. 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆறு ஊரிலும் ஓடும் தண்ணீர், குளிர் அறை, மருத்துவர் மூன்றும் உள்ள தொட்டி வேண்டும். மாலையில் அறுத்து, இரவெல்லாம் குளிரவிட்டு, காலையில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து விற்க வேண்டும்.

கேட்டால் செலவு என்பார்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கட்டும். வருகிற ஞாயிறு தூக்குவாளியோடு கடைக்குப் போங்கள், "சூடா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "முத்திரை எங்க தம்பி? எத்தன மணிக்கு அறுத்தது?" என்று கேளுங்கள். கறியை வாங்கினால் நேரே வீட்டுக்குப் போங்கள். குமுளி மேலே ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், பையை ஜீப்பின் இன்ஜின் சூட்டில் வைக்காமல், ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள்.