வக்கீலின் அலட்சியத்தால் கடை போனால்: சில பாடங்கள்

மும்பை மாட்டுங்காவில் அப்பா நடத்தியது, முன்தொகை கொடுத்து வாடகைக்கு எடுத்த பகடிக் கடை. வாடகை பாக்கி என்று கட்டட உரிமையாளர் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 15ஆவது பிரிவில் இதற்கு வழி வைத்திருக்கிறது. சம்மன் கைக்கு வந்த 90 நாளுக்குள் பாக்கியை 15 சதவீத வட்டியோடு கோர்ட்டில் கட்டி, பிறகு வாடகையையும் கோர்ட் சொல்லும் செலவையும் கட்டிவந்தால், பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது.

எங்கள் வக்கீல் இதைச் சொல்லவே இல்லை. "பணம் ரெடியா இருக்கு சார், எங்கே கட்டணும்?" என்று அப்பா வாட்ஸ்அப்பில் கேட்டார். "அடுத்த டேட்ல பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. பிறகு அவர் வாய்தாவுக்கே போகவில்லை. எங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, கடை போயிற்று. அதிலிருந்து கற்றவை இவை.

முதலில் கடையைப் பாருங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள்தான். வக்கீல் மேலுள்ள கோபத்தில் அந்த நாட்களைத் தொலைக்காதீர்கள். உடனே வேறு வக்கீலைப் பிடித்து மனுப் போடுங்கள். தாமதமானால் காரணத்தை ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நஷ்டஈடு சிவில் கோர்ட்டில்தான். அலட்சியத்துக்காக வக்கீல் மீது வழக்குப் போடலாம் என்பதை வக்கீல் கட்டணம் பற்றிய 1926ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சிலில் புகார் கொடுத்து, குற்றம் நிரூபணமானால் அவரைக் கண்டிப்பார்கள், தொழில் செய்யத் தடை விதிப்பார்கள், பட்டியலிலிருந்தே நீக்கவும் செய்யலாம். போன பணத்துக்கு வழி அங்கே இல்லை.

நஷ்டஈடு வழக்கில், வக்கீல் வரவில்லை என்பது மட்டும் போதாது. வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் கடை நம்மிடமே இருந்திருக்கும் என்று காட்ட வேண்டும். 'பிரதிவாதியும் வக்கீலும் ஆஜரில்லை' என்று வாய்தா வாரியாகப் பதிந்திருந்த கோர்ட் குறிப்பேடான ரோஸ்நாமாவின் சான்றிட்ட நகலை வாங்கினோம். அந்த 90 நாளில் பாக்கியைக் கட்டும் அளவுக்குக் கணக்கில் பணம் இருந்ததை பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டியது. இவற்றோடு வாட்ஸ்அப் பதிலையும் ஃபீஸ் ரசீதையும் சேர்த்து வைத்தோம்.

வழக்கை நீங்களும் பாருங்கள். 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதி தெரியும்.

தாராவியிலோ செம்பூரிலோ லீவ் அண்ட் லைசென்ஸில் இடம் எடுத்தவர்களுக்கு 15ஆவது பிரிவு உதவாது. அவர்களுக்குப் பதிவான ஒப்பந்தம்தான் பலம்.

நஷ்டஈடு வந்தாலும் கடை திரும்ப வராது. அதனால் சம்மன் வந்தால் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். 90 நாள் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.